ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர்

வேலையிலிருந்து நின்ற பிறகும் ஹோட்டல் பக்கம் போனால் நான் பின்வாசல் வழியாகத்தான் போவேன். அங்கே துணி அறையில் என்னிடம் வேலை பழகிய பெண்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். போன மாதம் போனபோது கவிதா என்ற பெண் போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினாள். வெளிநாட்டுக்காரி ஒருத்தி, பெரிய இறகுப் போர்வையை அதன் உறையோடு சேர்த்துப் பாய் மாதிரி சுருட்டுகிறாள். சுருட்டி முடித்த இடத்தில் உறையின் வாயைப் புரட்டுகிறாள். மறுபடி விரிக்கிறாள். போர்வை உறைக்குள்ளே ஒழுங்காகக் கிடக்கிறது.

“நீங்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே வழி ஆன்ட்டி. இப்பதான் உலகமே பாக்குது. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டாள்.

தோட்டத்துப் பங்களாவில், ஒரு கை இல்லாத அம்மாவிடம் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். விருந்தாளிகள் அறையைக் காலி செய்கிற நேரம் அது. அவரவர் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது ரிங்லெட் என்ற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா கவாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து பறிக்கிறவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்ததும் படிப்பு நின்றது. கொஞ்ச காலம் நர்சரியில் கன்றுப் பைகளுக்கு மண் அடைத்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் மேல் பங்களாவுக்கு ஆள் தேவைப்பட்டபோது கங்காணி தனம் என்று என் பெயரைச் சொல்லிவிட்டார். குன்றின் உச்சியில் இருந்ததால் அதற்கு மேல் பங்களா என்று பெயர். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குடியிருந்த பங்களா வேறு. இது கோலாலம்பூரிலிருந்தும் சீமையிலிருந்தும் கம்பெனிக்காரர்கள் வந்தால் தங்குகிற இடம். ஆறு அறைகள். சுத்தம் செய்யவும் படுக்கை போடவும் நாங்கள் நான்கு பெண்கள், இரண்டு ஜோடிகளாக இருந்தோம்.

எங்களுக்கு மேலே பட்லர் அருணாசலம். ஐம்பது வயதுக்காரர், ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானை எந்தக் குளிரிலும் வெயிலிலும் கழற்றமாட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. குற்றம் இன்னதென்று சொல்கிற வழக்கமும் அவரிடம் இல்லை. நாங்கள் படுக்கை போட்டு முடித்ததும் வருவார். கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடப்பார். விரிப்பு தொங்குகிற அளவைக் கையால் சாண் போட்டுப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் ஒரு முனையைப் பிடித்து எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் இழுத்துத் தரையில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். எங்கே தவறினோம் என்று நாங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வருஷம் முழுவதும் அவர் காலடிச் சத்தம் கேட்டாலே நான் விரிப்பை மறுபடி ஒரு தடவை தடவிச் சரிசெய்வேன்.

அவருடைய சட்டங்கள் எல்லாம் இப்படித் தப்புச் செய்து தப்புச் செய்துதான் எங்களுக்குத் தெரியவந்தன. தலையணையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு உறை போடக்கூடாது. பல்லால் கவ்வினால் அந்த உறை மறுபடி சலவைக்குப் போக வேண்டும். இலவம்பஞ்சுத் தலையணையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, உறைக்குள் மூலை வரைக்கும் நுழைத்து, பிறகு கையை விட வேண்டும். அது உள்ளேயே விரிந்து நான்கு மூலையையும் நிரப்பிக்கொள்ளும். விரிப்பின் கால்மாட்டு மூலையைக் கடித உறை மடிக்கிற மாதிரி சரிவாக மடித்து மெத்தைக்கு அடியில் சொருக வேண்டும். மேலே எப்போதும் மூடுபனி. துணி கொடியில் காயாது. குசினி அடுப்புக்குப் பின்னால் உள்ள அறையில்தான் காயப்போடுவோம். ஆனால் விரிப்பில் விறகுப் புகை வாசம் வந்தால் அதுவும் இழுத்துப் போடப்படும்.

எழுபதுகளின் பிற்பகுதியில் துரை மாறினார். புதிய துரையின் மனைவி துரைசானி சீமையிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுவந்தார். அதில் மேல் பங்களாவுக்கென்று இறகு அடைத்த பெரிய போர்வைகள் இருந்தன. அதுவரை நாங்கள் பார்த்தது கம்பளி மட்டும்தான். கம்பளியை விரித்துச் சொருகினால் வேலை முடிந்தது. இதற்குத் தலையணைக்குப் போல உறை உண்டு. அந்த உறை ஒரு ஆள் உள்ளே நுழைந்து படுத்துக்கொள்கிற அளவு பெரியது. சிறு இறகுகள் தையல் வழியாக வெளியே வந்து எங்கள் தலைமுடியில் ஒட்டிக்கொண்டதால் நாங்கள் அதற்குக் கோழிக் கம்பளி என்று பெயர் வைத்தோம்.

கோழிக் கம்பளிக்கு உறை போடுவது லேசான வேலை இல்லை. ஒருத்தி உறையின் வாயை விரித்துப் பிடிக்க வேண்டும். மற்றவள் போர்வையின் இரண்டு மூலைகளையும் கையில் பிடித்துக்கொண்டு தோள் வரைக்கும் உள்ளே நுழைந்து, அடி மூலைகளைத் தேடி வைக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் நின்று தூக்கி உதற வேண்டும். உதறும்போது இறகெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்து கட்டி விழும். மறுபடி தட்டிப் பரப்ப வேண்டும். ஒருமுறை உறைக்குள் ஒரு தலைமுடியைக் கண்டுபிடித்த பட்லர், இனிமேல் யாரும் தலையை உள்ளே விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வாய்விட்டு அவர் சொன்ன ஒரே சட்டம் அதுதான். அதன் பிறகு வேலை இன்னும் கடினமாகிவிட்டது. மதியத்துக்குள் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவது போல இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் என் ஜோடியாக இருந்தவள் கல்யாணமாகிக் கீழே தாப்பாவுக்குப் போய்விட்டாள். அவளுடைய இடத்துக்குச் சவரியம்மாவை அனுப்பினார்கள்.

சவரியம்மா எனக்குப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இலை உருட்டுகிற மெஷினில் இடது கை மாட்டி, கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அவருடைய புருஷன் அருளப்பன் அதே தொழிற்சாலையில் தூள் சலிக்கிற அறையில் இருந்தவர். தூள் ஏறி நெஞ்சு கெட்டுப்போய் அவர் வேலையை விட்டு நின்றிருந்தார். பிள்ளைகள் இல்லை. லைன் வீடு அக்கா பெயரில் இருந்தது. தோட்டத்தில் வேலை இருக்கிறவர்களுக்குத்தான் வீடு. வேலை போனால் வீடும் போகும். அதனால்தான் கை ஆறுவதற்கு முன்னமே ஆபீசுக்குப் போய் நின்று வேலை கேட்டார். ஒரு கையால் கொழுந்து பறிக்க முடியாது, மேல் பங்களாவில் லேசான வேலை இருக்கிறது என்று ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி இங்கே அனுப்பிவிட்டார்.

பட்லர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். என் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

முதல் சில வாரங்கள் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு பேர் தூக்குகிற பாரத்தை நான் ஒருத்தியாகத் தூக்கினேன். அக்கா உறையின் வாயைப் பிடித்தால் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். மறுபக்கத்தை வெட்டுப்பட்ட கையால் மெத்தையோடு அழுத்திப் பிடிப்பார். அது வழுக்கிவிடும். காயம் அப்போதும் முழுதாக ஆறவில்லை. அழுத்தும்போது முகம் வெளுத்துப்போகும், ஆனாலும் மறுபடி அழுத்துவார். எங்கள் கட்டில்களைப் பட்லர் இழுத்துப் போட்டபடி இருந்தார். மற்ற ஜோடி முனியம்மாவும் பார்வதியும் மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது நாங்கள் இன்னும் நான்காவது அறையில் இருப்போம்.

அக்கா முதலில் தலையணைக்குத்தான் வழி கண்டுபிடித்தார். உறையை உள்வெளியாகத் திருப்பி, ஜெர்சியின் கையைப் போட்டுக்கொள்வது போல வலது கையில் மாட்டிக்கொண்டார். உறைக்குள் இருந்தபடியே தலையணையின் முனையைப் பிடித்தார். வெட்டுப்பட்ட கையால் உறையைத் தலையணை மேல் தள்ளிவிட்டார். உறை தானாகப் புரண்டு தலையணையை மூடிக்கொண்டது. இது எப்படித் தோன்றியது என்று கேட்டேன். வீட்டில் ஜெர்சியைக் கழற்றும்போது ஒரு கையால் இழுப்பதால் அது எப்போதும் உள்வெளியாகத்தான் வருகிறது, அதை நேராக்கத் தினமும் மல்லுக்கட்டியதில் பிடிபட்டது என்று சொன்னார்.

கோழிக் கம்பளிக்கு அதே வழி சரிப்படவில்லை. அவ்வளவு பெரியதைக் கையில் மாட்ட முடியாது. பட்லர் கீழே சாமான் வாங்கப் போகிற நாட்களில் நாங்கள் கடைசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்து பார்ப்போம். எத்தனையோ தடவை போர்வை உறைக்குள் முறுக்கிக்கொண்டு பெரிய மூட்டையாக நின்றது. எனக்கு அலுத்துவிட்டது. அக்காவுக்கு அலுக்கவில்லை. ஒரு நாள் உறையை உள்வெளியாகக் கட்டில் மேல் விரித்து, அதன் வாய் கால்மாட்டுப் பக்கம் வருகிற மாதிரி வைத்தார். அதன் மேல் போர்வையைப் பொருத்திப் போட்டார். தலைமாட்டிலிருந்து இரண்டையும் சேர்த்து, முழங்கையாலும் வெட்டுப்பட்ட கையாலும் அழுத்தி அழுத்திச் சுருட்டிக்கொண்டு வந்தார். கால்மாட்டுக்கு வந்ததும் உறையின் வாயைப் பிரித்து, உருளையின் ஒரு முனையை அதற்குள் நுழைத்துப் புரட்டினார். மறுமுனையையும் அப்படியே செய்தார். பிறகு வந்த வழியே உருட்டி விரித்துக்கொண்டு போனார். போர்வை உள்ளே இருந்தது. மூலைகள் மூலைகளில் இருந்தன. உதறவே வேண்டியிருக்கவில்லை. இறகும் கட்டி விழவில்லை.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா பொத்தான்களை ஒவ்வொன்றாக ஒற்றைக் கையால் போட்டு முடித்தார். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் கட்டில்களைப் பட்லர் இழுத்துப் போடவில்லை. கொஞ்ச நாளில் எப்படிச் செய்கிறோம் என்று வந்து நின்று பார்த்தார். ஒரு தடவை பார்த்தார், தலையை அசைத்தார், போனார். மற்ற இரண்டு பேருக்கும் அக்காவே கற்றுக்கொடுத்தார். எல்லோருக்கும் தோள் வலி குறைந்தது. அந்த ஒரு மழைக்காலம் மேல் பங்களாவில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

துரைசானி அக்காவைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். சீமையிலிருந்து பெரிய ஆட்கள் வரப்போகிறார்கள் என்று ஒருநாள் காலையில் அறைகளைப் பார்வையிட வந்தார். முதல் அறையில் அக்கா குனிந்து விரிப்பைச் சொருகிக்கொண்டிருந்தார். துரைசானி வாசலிலேயே நின்றுவிட்டார். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். அவர் உள்ளே வரவில்லை. பட்லரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்து பேசினார். எனக்குப் புரிந்தவரை, பாவமாக இருக்கிறது, ஆனால் விருந்தாளிகளின் படுக்கையை இப்படி ஒருவர் தொடுவதைப் பார்த்தால் அவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், வேறு எங்காவது போடக்கூடாதா என்பதுதான் பேச்சு. அக்காவுக்கும் புரிந்தது. விரிப்பைச் சொருகிக்கொண்டே இருந்தார்.

பட்லர் அருணாசலம் ஒரு மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. கழுத்துப் பொத்தானைத் தொட்டுக்கொண்டார். இந்தப் பெண் மற்றவர்கள் இரண்டு பேராகச் செய்கிற வேலையைத் தனியாகச் செய்வாள், வேண்டுமானால் மெம் நேரில் பார்க்கலாம் என்று மலாயில் சொன்னார். துரைசானி நம்பவில்லை. மறுநாள் பார்க்கிறேன் என்று போனார்.

பட்லர் எங்களிடம் வந்தார்.

“நாளைக்கு அந்தம்மா முன்னாடி செய்யணும் சவரி. தனம் தொடக்கூடாது. நீ ஒருத்தியாத்தான்.”

“செஞ்சா விட்டுடுவாங்களா அண்ணே?”

“செஞ்சு காட்டு. மத்தத நான் பேசிக்கிறேன்.”

மறுநாள் துரைசானி ஜன்னல் பக்கம் நின்றார். பட்லர் கட்டிலின் தலைமாட்டில் நின்றார். முனியம்மாவும் பார்வதியும் நானும் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தோம். அக்கா அன்றைக்கு வெட்டுப்பட்ட கைக்கு வெள்ளைத் துணி சுற்றி, அதன் மேல் சட்டைக் கையை இழுத்து ஊசி குத்தியிருந்தார். மெத்தைக்கு விரிப்பு போட்டார். நான்கு மூலைகளையும் மடித்துச் சொருகினார். தலையணைகளுக்கு உறை போட்டார். கடைசியில் கோழிக் கம்பளி. உள்வெளியாக விரித்தது, பொருத்தியது, சுருட்டியது எல்லாம் எப்போதும் போலத்தான். கால்மாட்டில் புரட்டும்போது உருளையின் ஒரு முனை நழுவியது. நான் என்னை அறியாமல் ஒரு அடி உள்ளே வைத்துவிட்டேன். பட்லர் என்னைப் பார்த்தார். நின்றுவிட்டேன். அக்கா முழங்காலை மெத்தை மேல் ஊன்றி உருளையை அழுத்திக்கொண்டு மறுபடி புரட்டினார். விரித்தார். வெள்ளையாக, ஒரு சுருக்கம் இல்லாமல் அந்தப் படுக்கை கிடந்தது.

துரைசானி சிறு பிள்ளை மாதிரி சிரித்தார். கையைத் தட்டினார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். மூன்றாவது தடவை தானே செய்து பார்த்தார், அதுவும் சரியாக வந்தது. அக்காவின் தோளில் தட்டி ஏதோ பாராட்டிவிட்டுத் தன் காருக்குப் போனார்.

அன்று குசினியில் பட்லர் தன் கையால் அக்காவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் யாருக்கும் அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததில்லை. அக்கா குவளையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “வீடு தப்பிச்சிடுச்சு தனம்” என்றார்.

சீமை ஆட்கள் வந்து போனார்கள். அவர்கள் போன பிறகு பட்லர் எங்கள் நான்கு பேரையும் துணி அறைக்குக் கூப்பிட்டார். நாங்கள் உள்ளே போனபோது தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். அது அவர் செய்கிற வேலை இல்லை. மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். எங்களைப் பார்க்காமலே பேசினார்.

“ஒத்தக் கையால ஒருத்தி செய்யறத, ரெண்டு கை உள்ளவ தனியா செய்யமாட்டாளான்னு தொரை கேக்குறாரு. எதுக்கு ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேருன்னு கேக்குறாரு. இனிமே மேல் பங்களாவுக்கு ரெண்டு ஆள் போதுமாம்.”

எந்த இரண்டு பேர் என்று முனியம்மா கேட்டார். கடைசியாக வந்தவர்கள் முதலில் போக வேண்டும் என்று சொன்னார் பட்லர். அது பார்வதியும் சவரி அக்காவும். பார்வதியின் புருஷன் தொழிற்சாலையில் இருந்தான், வீடு அவன் பெயரில். அவள் கொழுந்துக்குப் போய்விடலாம். அக்காவுக்குப் போக இடமில்லை.

அக்கா அழவில்லை. “நான் நல்லாத்தானே செஞ்சேன் அண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

“நல்லாத்தான் செஞ்ச. அதான் வந்த வினை” என்றார் பட்லர். பிறகு, எங்களுக்குக் கேட்க வேண்டும் என்று இல்லாமல் உறைகளிடம் சொல்வது போலச் சொன்னார்: “உன்னக் காப்பாத்தத்தான் செய்யச் சொன்னேன்.”

எனக்கு இரண்டு கையும் இருக்கிறது, வீடு அப்பா பெயரில் இருக்கிறது. என்னைக் கொழுந்துக்கு அனுப்பிவிட்டு அக்காவை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று பட்லரிடம் கேட்டேன். அவர் துரை பங்களாவுக்கு நடந்தே போய் அதைச் சொன்னார். திரும்பி வந்து, வேண்டாமாம் என்றார். ஏன் என்று கேட்டேன். விருந்தாளிகள் கண்ணில் படுவது நன்றாக இல்லை என்று துரைசானி முதலில் சொன்னதையே மறுபடி சொன்னாராம். கைதட்டியது வேறு, இது வேறு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அக்கா ஆபீசுக்குப் போனார். கை போனதற்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது, லேசான வேலையும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது என்றார் பெரிய கிராணி. தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருந்தவரிடம் நானும் கூடப் போனேன். தேயிலைக் காட்டு வேலை, தொழிற்சாலை வேலை என்றால் பேசலாம், பங்களா ஆள் வேறு கணக்கு, துரை வீட்டு வேலைக்காரர் மாதிரி என்றார். கங்காணியிடம் களை பிடுங்குகிற வேலை கேட்டோம். அவர் நல்ல மனிதர்தான். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டாரோ என்னவோ, பதில் வரவில்லை.

மாதம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். லெம்பா பெர்த்தாம் என்ற பள்ளத்தாக்கில் ஒரு சீனருடைய காய்கறித் தோட்டத்தில் இடம் கிடைத்தது. அவருடைய லோரி முட்டைக்கோசு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வந்து நின்றது. அருளப்பன் அண்ணனை நாற்காலியில் வைத்துத் தூக்கி ஏற்றினார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் அவர் இருமினார். மூச்சு வாங்குகிற இடைவெளியில், தன்னால் எல்லோருக்கும் கஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். லோரி கிளம்புகிற நேரம் பட்லர் குன்றிலிருந்து இறங்கி வந்தார். இஸ்திரிப் பெட்டி சுட்டு ஓட்டை விழுந்ததால் கழித்துப்போட்ட பழைய கம்பளி ஒன்று அவர் கையில் மடித்து இருந்தது. அதை அருளப்பன் அண்ணன் மடியில் வைத்தார். நான்கு பக்கமும் சொருகிவிட்டார். திரும்பி ஏறிப் போனார்.

மேல் பங்களாவில் அறைக்கு ஒருத்தியாக வேலை தொடர்ந்தது. மூன்று அறை முனியம்மாவுக்கு, மூன்று அறை எனக்கு. அக்கா கண்டுபிடித்த வழியில் உறை போட்டால் தனியாகச் செய்ய முடிந்தது. முடிந்தது என்பதுதான் தொந்தரவு. இரண்டு பேர் இருந்தபோது பேசிக்கொண்டு செய்த வேலை இப்போது மூச்சுவிடாமல் செய்கிற வேலையாகிவிட்டது. பட்லர் எப்போதாவது கட்டில்களை இழுத்துப் போடுவதையும் அக்கா போன அன்றோடு நிறுத்திவிட்டார். துரைசானி ஊரில் இல்லாத நாட்களில் அவரே வந்து விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பார். நான் வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் வேலையிலிருந்து நின்று சுங்கை என்ற ஊரில் மகள் வீட்டோடு போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அருளப்பன் அண்ணன் பெர்த்தாமில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. சேதி எனக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன். பலகையும் தகரமும் சேர்த்து அடித்த ஒரு கொட்டகை. பக்கத்தில் கோழி எரு மூட்டைகள் அடுக்கியிருந்தன. தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி, அதன் வழியாக ஈரக்காற்று வந்தது. அக்கா கீரைக் கட்டுகளுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கவ்வி, ஒரு கையால் சுற்றி முடிச்சுப் போட்டார். கடைசி நாட்களில் அண்ணன் படுத்தபடி மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார் என்றும், முதுகுக்கு வைக்கச் சாக்கில் வைக்கோல் அடைத்துக் கொடுத்தேன் என்றும் சொன்னார். நானும் உட்கார்ந்து கயிறு வெட்டிக் கொடுத்தேன்.

எண்பதுகளின் நடுவில் மேல் பங்களாவை மூடிவிட்டார்கள். நான் டவுனில் ஒரு ஹோட்டலில் சேர்ந்தேன். நிறைய அறைகள், எல்லாக் கட்டிலிலும் இறகுப் போர்வை. எனக்கு வேலை தெரிந்திருந்ததால் சீக்கிரமே ஒரு மாடியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கொடுத்தார்கள். ஒரு சமயம் என் மாடியில் வேலை பார்த்த ஒருத்தி முதுகுவலி தாங்காமல் நின்றுவிட்டாள். அந்த இடத்துக்கு எனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்று மேலாளரிடம் சொன்னேன். ஒரு கை இல்லை என்பதையும் சொன்னேன். வேலை நடந்தால் சரி, கூட்டிக்கொண்டு வா என்றார். அன்றைக்கே ரிங்லெட் பஸ் பிடித்து, அங்கிருந்து காய்கறி லோரியில் இடம் கேட்டு உட்கார்ந்து பெர்த்தாமுக்குப் போனேன்.

அக்கா அதே கொட்டகையில்தான் இருந்தார். முடி பாதி நரைத்திருந்தது. சேதியைச் சொன்னேன். ஹோட்டலில் தங்க அறை உண்டு, வெந்நீர் உண்டு, அவருக்குத் தெரியாத வேலை ஒன்றும் இல்லை என்றேன். கேட்டுக்கொண்டே கீரையில் அழுகல் இலைகளைக் கிள்ளிப் போட்டார்.

“ஒரு கட்டிலுக்கு எத்தன பேரு?”

“ஒருத்திதான்க்கா.”

“அங்க எனக்கு எடம் எப்படி வந்துச்சு?”

சொன்னேன். முதுகு போய் ஒருத்தி நின்றுவிட்டாள் என்றேன்.

“அவளுக்கு வீடு யாரு பேருல?”

எனக்குத் தெரியவில்லை. ஹோட்டல் கொடுத்த அறையில்தான் அவள் இருந்தாள் என்பது மட்டும் தெரியும். அதைத்தான் அக்காவுக்குக் கொடுப்பதாக மேலாளர் சொல்லியிருந்தார். அக்கா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “நீ போ தனம். மழை வரப்போவுது. அப்புறம் லோரி கிடைக்காது” என்றார். அடுத்த கீரைக் கட்டை எடுத்துக் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டார்.

திரும்பி வந்து, அந்த அம்மா வரவில்லை என்று மேலாளரிடம் சொன்னேன். மறுநாள் ரிங்லெட்டிலிருந்து ஒரு பெண் அந்த வேலைக்கு வந்து சேர்ந்தாள். காலியான அறையிலேயே பெட்டியை வைத்துவிட்டு நேராக மாடிக்கு வந்தாள். உறை போடுகிற விதத்தை நான் அவளுக்குச் செய்து காட்டினேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.